சான்றளிப்பவர் யார்? மலையகத் தோட்டங்களும் டிஜிட்டல் அடையாளமும்

இலங்கையின் தனித்துவ டிஜிட்டல் அடையாளத் திட்டம் பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலானவை கொழும்பையும் புதுடில்லியையும் விட்டு நகர்வதில்லை. இந்திய நன்கொடை, 2023 ஆகஸ்டில் கையளிக்கப்பட்ட 45 கோடி இந்திய ரூபாய் முற்பணம், தரவு இறைமை ஆகியவையே அவற்றின் பேசுபொருள். இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழரான மலையக மக்கள் அவற்றில் தலைகாட்டுவது ஒரே இடத்தில்: 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடு குடியுரிமைச் சிக்கல் தீர்ந்தது, எஞ்சியது பதிவு வேலை மட்டுமே என்கிற வாசிப்பில். தேசிய அடையாள அட்டை விண்ணப்பப் படிவத்தின் சான்றளிப்புப் பகுதியைப் படித்தால் இந்த வாசிப்பு நிற்காது.

இந்த விண்ணப்பத்தைக் கிராமத்தவருக்குக் கிராம உத்தியோகத்தரும், மாணவருக்குப் பாடசாலை அதிபரும் உறுதிப்படுத்துகின்றனர். தோட்டத்தில் வாழ்பவருக்கு அதைச் செய்பவர் தோட்ட அத்தியட்சகர். அங்கே அவர் பெயர் துரை. விண்ணப்பதாரருக்கோ அவர் குடும்பத்துக்கோ வேலை கொடுக்கும் நிர்வாகத்தின் ஆள் அவர். செக்ரோல் என்னும் வரவுப் பதிவேட்டில் ஒரு நாள் உழைப்பை முழுப்பேராகப் போடுவதா அரைப்பேராகப் போடுவதா என்று தீர்மானிக்கும் அதே அலுவலகம், வரிசைக் குடியிருப்பான லயத்தில் இருப்பவர் இன்னார் என்றும் அரசுக்குச் சொல்கிறது.

பதிவு வேலை மட்டுமே எஞ்சியது என்னும் வாசிப்பு அத்தியட்சகரை ஏறத்தாழ ஓர் அரச அலுவலராகவே கொள்கிறது. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானதற்குப் பிந்திய ஆண்டுகளுக்கு அது ஓரளவு பொருந்தலாம். ஆனால் 1992இல் முகாமைத்துவம் தனியார் கம்பனிகளிடம் போன பின்பும் கையொப்பம் துரையுடையதாகவே இருந்தது. இதைத் திட்டமிட்ட சூழ்ச்சி என்று சொல்ல ஆதாரமில்லை. மாற்று ஏற்பாட்டை எவரும் யோசிக்காததால் தொடர்ந்திருக்கவும் கூடும். ஆயினும், ஒரு குடிமகளை இன்னார் என்று அறியும் பொறுப்பை அரசு அவளுடைய தொழில்தருநரிடம் விட்டிருக்கிறது. என் பார்வையில் இது குடியுரிமைப் பிரச்சினையின் எச்சம்; நிர்வாக நுணுக்கம் என்று ஒதுக்கத்தக்கதல்ல.

டிஜிட்டல் அடையாளத் திட்டத்தில் கைரேகையும் கருவிழியும் பதியப்பட்டால் இந்தச் சார்பு தானே அறும் என்பர். அறாது. ஒருவர் இருமுறை பதியவில்லை என்பதைத்தான் ரேகை காட்டும். அவர் பெயரையும் வதிவிடத்தையும் தேசிய அடையாள அட்டை போன்ற பழைய ஆவணங்களிலிருந்தே எடுக்க வேண்டும். லயக் காம்பராக்கள் பலவற்றுக்குத் தனி முகவரி கிடையாது. கடிதம்கூடத் தோட்ட அலுவலகம் போய்த்தான் கைக்கு வருகிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இங்கே உதவாது. தனிப்பட்ட தரவைத் திரட்டிக் கையாளும் முறை பற்றியதே அது; யார் சான்றளிப்பது என்பது பற்றியதல்ல.

இரு தலைநகரங்களிலிருந்து மட்டும் பார்க்கும் இந்தப் பார்வை பழையது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டபோது தோட்டத்து மக்களின் சம்மதத்தை எவரும் கேட்கவில்லை. இன்றைய திட்டத்தை அதோடு சமப்படுத்துவது மிகை. இது எவரையும் கப்பலேற்றவில்லை. ஆனால் இரு தலைநகரங்களின் உடன்பாட்டோடு ஆய்வை முடித்துக்கொள்ளும் பழக்கம் அன்றிலிருந்து வருவதுதான்.

சான்றளிப்பைக் கிராம உத்தியோகத்தரிடமே விடலாம் என்றால், அவர்களின் பிரிவுகள் தோட்டப் பகுதிகளில் மிகப் பெரியவை, அவர்களால் இயலாது என்ற மறுப்பு எழும். அது எனக்குப் பலமாகத் தோன்றவில்லை. 2018 உள்ளூராட்சித் தேர்தலுக்கு முன் தோட்டப் பகுதியான அம்பகமுவவிலிருந்து நோர்வூட், மஸ்கெலியா பிரதேச சபைகளைப் பிரிக்க முடிந்தது. அதே ஆண்டின் சட்டத்திருத்தம் பிரதேச சபைகள் தோட்டங்களுக்குள் பணி செய்யவும் வழிவிட்டது. கிராம உத்தியோகத்தர் பிரிவுகளையும் அப்படியே பிரிக்கலாம். பதிவுக் கருவிகள் மலையக நகரான ஹட்டனுக்கு வருமுன் சான்றளிக்கும் அதிகாரம் துரையிடமிருந்து கிராம உத்தியோகத்தருக்கு மாற வேண்டும். லயங்களுக்கு இலக்கமிட்ட முகவரியும் அதற்கு முன்பே கிடைக்க வேண்டும்.