உதவித்தொகைக்கு ஈடாக உழைப்பு

வேலையில்லாதவர் அரசின் உதவித்தொகையைப் பெற வேண்டுமானால், அரசு காட்டும் வேலையைச் செய்தாக வேண்டும் என்னும் ஏற்பாடு பல நாடுகளில் வெவ்வேறு பெயர்களில் நடப்பில் உள்ளது. ஆங்கிலம் பேசும் நாடுகளில் இதை 'வொர்க்ஃபேர்' என்பார்கள். வேலை தேடியதற்குச் சான்று காட்டுவது, பயிற்சி வகுப்புக்குப் போவது, அழைத்த நேர்காணலுக்குச் செல்வது ஆகியவையும் நிபந்தனைகள்தான். ஆனால் அவை ஏறக்குறைய எல்லா வேலையில்லாக் கால உதவித் திட்டங்களிலும் உண்டு. இங்கே பேசப்படுவது அதைவிடக் கடுமையான வகை: பூங்காவைக் கூட்டு, கல்லை உடை, கடையில் சரக்கை அடுக்கு, அப்போதுதான் பணம் என்பது.

ஆதரிப்போர் சொல்லும் காரணங்கள் மூன்று. உழைப்போரின் வரிப்பணத்தில் வாழ்பவர் தம் பங்குக்கு ஏதாவது திருப்பித் தர வேண்டும் என்பது முதலாவது. நெடுநாள் சும்மா இருந்தால் காலையில் எழுந்து வேலைக்குப் போகும் பழக்கமே விட்டுப்போகும், அதைக் காப்பாற்ற வேண்டும் என்பது இரண்டாவது. மூன்றாவதை அவர்கள் மேடையில் அவ்வளவாகச் சொல்வதில்லை. பொருளியலாளர்கள் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள். டிமத்தி பெஸ்லி, ஸ்டீபன் கோட் இருவரும் 1992-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், உழைப்பு நிபந்தனை ஒரு சல்லடையாகப் பயன்படும் என்று காட்டினார்கள். வெளியே சம்பாதிக்க வழியுள்ளவர் இந்த வேலைக்கு வரமாட்டார். வழியே இல்லாதவர் மட்டும் வருவார். அதிகாரிகள் வீடு வீடாகப் போய் யார் ஏழை என்று விசாரிக்கத் தேவையில்லை. இந்த வாதத்தில் செய்யப்படும் வேலைக்குப் பயன் இருக்க வேண்டிய கட்டாயமே இல்லை என்பதை வாசகர் கவனிக்க வேண்டும்.

ஏழையர் சட்டமும் கல் உடைப்பும்

இந்தச் சல்லடை பழையது. இங்கிலாந்தில் 1601-ஆம் ஆண்டு ஏழையர் சட்டமே, உடல் வலுவுள்ள ஏழைகளுக்குச் சணல், கம்பளி போன்ற மூலப்பொருள்களைக் கொடுத்து வேலை வாங்க ஒவ்வொரு தேவாலய வட்டாரத்தையும் பணித்தது. 1834-இல் வந்த திருத்தச் சட்டம் அதைக் கோட்பாடாகவே ஆக்கியது. நாசோ சீனியரும் எட்வின் சாட்விக்கும் முன்னின்று எழுதிய அறிக்கையின் உட்பொருள் இதுதான்: உதவி பெறுபவரின் நிலை, வெளியே உழைக்கும் கடைசிக் கூலியாளின் நிலையைவிடத் தாழ்வாகவே இருக்க வேண்டும். வேலை செய்யக்கூடியவர் உதவி கேட்டால் ஏழையர் உழைப்பு விடுதிக்குள் வந்துவிட வேண்டும். அங்கே கணவன், மனைவி, பிள்ளைகள் தனித்தனியாகப் பிரிக்கப்பட்டார்கள். கல் உடைப்பது, பழைய கப்பல் கயிற்றைப் பிரித்து நார் எடுப்பது, உரத்துக்காக எலும்பு இடிப்பது அங்கிருந்த வேலைகள். 1845-இல் ஆண்டோவர் விடுதியில் பசி தாங்காதவர்கள் இடிக்கக் கொடுத்த எலும்பிலிருந்து மச்சையை உறிஞ்சித் தின்றார்கள் என்பது வெளியானதும் நாடாளுமன்றக் குழு விசாரித்தது. 1847-இல் ஏழையர் சட்ட ஆணையமே கலைக்கப்பட்டு வேறு அமைப்பு வந்தது. விடுதிகளோ இருபதாம் நூற்றாண்டு வரை நீடித்தன.

தாது வருடத்தில் சென்னை மாகாணம்

அதே கோட்பாடு கப்பலேறிச் சென்னைக்கும் வந்தது. 1876 முதல் 1878 வரையிலான பெரும் பஞ்சத்தை மக்கள் தாது வருடப் பஞ்சம் என்றே நினைவில் வைத்திருக்கிறார்கள். அப்போது வைசிராய் லிட்டன் பிரபு 1877 ஜனவரியில் சர் ரிச்சர்டு டெம்பிளைத் தெற்கே அனுப்பினார். செலவைக் குறைப்பதே அவருக்கு இடப்பட்ட வேலை. நிவாரண வேலைக்கு வந்த ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் கொஞ்சம் சில்லறைக் காசும் போதும் என்று டெம்பிள் கூலியைக் குறைத்தார். பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் அதைவிடக் குறைவு. நிவாரண முகாம் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் தேவையில்லாதவர்களும் வருவார்கள் என்று, பத்து மைல் தள்ளி இருக்க வேண்டும் என்ற விதியும் இருந்தது. பசியில் வாடியவர் அவ்வளவு தூரம் நடந்து போய், நாள் முழுக்க மண் சுமந்து, தம் தேவையை மெய்ப்பிக்க வேண்டும்.

இதை உள்ளிருந்தே எதிர்த்தவர் மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் வில்லியம் ராபர்ட் கார்னிஷ். உழைக்கும் உடலுக்கு ஒன்றரை ராத்தல் தானியமும் பருப்பும் காய்கறியும் வேண்டும், டெம்பிள் கூலி ஆளை மெல்லக் கொல்லும் என்பது அவர் வாதம். மருத்துவக் கணக்குக்கும் கருவூலக் கணக்குக்கும் நடந்த இந்தச் சண்டையில், மாகாண அரசு சில மாதங்களில் கார்னிஷ் பக்கம் பாதிவழி இறங்கி வந்து தானியத்தைக் கூட்டி, பருப்பையும் சேர்த்தது. அதற்குள் எலும்பும் தோலுமாய் ஆனவர்களுக்கு அது எட்டவில்லை. பம்பாய் மாகாணத்தில் மக்கள் குறைந்த கூலிக்கு வேலை செய்ய மறுத்து முகாம்களை விட்டு வெளியேறியதும், பூனா சர்வஜனிக் சபை அவர்களுக்காக வாதாடியதும் வரலாறு. சென்னைக்கு வடக்கும் தெற்கும் ஓடும் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி இந்தப் பஞ்ச நிவாரண உழைப்பில் வெட்டப்பட்டதே. கால்வாய்க்கு அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் வைத்தார்கள். பின்னர் 1880-களில் வந்த பஞ்ச விதித்தொகுப்புகள், வேலை தருவதை அரசின் கடமை என்று ஏற்றன. கூலியை மட்டும் உயிர் தங்கும் அளவுக்கு மேலே ஏறவிடவில்லை.

அமெரிக்காவின் 1996

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இந்தச் சிந்தனை சற்று அடங்கியிருந்தது, மறையவில்லை. பிரிட்டனின் நலவாழ்வு அரசுக்கு அடித்தளமிட்ட 1942 பெவரிட்ஜ் அறிக்கையே, நெடுநாள் வேலையில்லாதவர் வேலை மையத்துக்கோ பயிற்சி மையத்துக்கோ வர வேண்டும் என்று நிபந்தனை போட்டிருந்தது. பெரிய திருப்பம் அமெரிக்காவில் நடந்தது. 1996 ஆகஸ்ட் 22-இல் அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட சட்டம், ஏழைக் குடும்பங்களுக்கான ரொக்க உதவியை வாழ்நாளில் ஐந்து ஆண்டுகளுக்கு என்று வரையறுத்தது. பொதுவாக வாரம் 30 மணி நேரம், ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தனித்தாய்க்கு 20 மணி நேரம் வேலை சார்ந்த செயல்பாட்டைக் கட்டாயமாக்கியது. அதை எதிர்த்து, சுகாதார நலத்துறையில் உயர்பதவியில் இருந்த பீட்டர் எடல்மன் பதவி விலகினார். உதவி பெற்றோர் எண்ணிக்கை 1996-இல் சுமார் 1 கோடியே 22 லட்சமாக இருந்தது, 2001-இல் சுமார் 53 லட்சமாகச் சரிந்தது. சட்டத்தின் வெற்றி என்று இதைக் கொண்டாடுவோர், அந்த ஆண்டுகளில் அமெரிக்கப் பொருளாதாரம் செழித்திருந்ததையும், குறைந்த கூலியாளர்களுக்கான வரிச்சலுகை 1993-இல் பெருக்கப்பட்டதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நியூயார்க்கில் மேயர் ஜூலியானி காலத்தில் உதவி பெற்றவர்கள் பூங்காக்களையும் தெருக்களையும் துப்புரவு செய்தார்கள். சம்பளம் பெற்ற நகர ஊழியர் செய்த வேலையைச் சம்பளமில்லாமல் வாங்குகிறார்கள் என்று தொழிற்சங்கங்கள் குற்றம் சாட்டின. 2016-இல் அத்திட்டம் முடித்துவைக்கப்பட்டது.

ஆஸ்திரேலியா

உழைத்தால்தான் உதவித்தொகை என்பதைப் பெயரிலேயே வைத்த நாடு ஆஸ்திரேலியா. ஜான் ஹோவர்டு அரசு 1997-இல் சோதனையாகத் தொடங்கிய திட்டம் அது. உள்ளூர் மன்றங்கள், தொண்டு அமைப்புகள், பழைய துணிக்கடைகள், தோட்டங்கள் ஆகியவை வேலை இடங்கள். பங்கேற்றவருக்கு உதவித்தொகைக்கு மேல் இரு வாரங்களுக்கு 20 டாலர் சொச்சம் கிடைத்தது, அதுவும் போக்குவரத்துச் செலவுக்கு. சட்டப்படி அவர் தொழிலாளர் அல்லர். 2016-இல் டூவும்பாவில் பதினெட்டு வயது இளைஞர் ஒருவர் இத்திட்ட வேலையின்போது டிராக்டர் இழுத்த வண்டியிலிருந்து விழுந்து இறந்தபோதுதான் அந்தச் சட்ட நிலையின் பொருள் பலருக்கும் உறைத்தது.

தொடக்க ஆண்டுகளின் தரவை மெல்பர்ன் பல்கலைக்கழகத்தின் ஜெஃப் போர்லண்டும் யி-பிங் செங்கும் ஆராய்ந்தார்கள். பங்கேற்றவர்கள், அவர்களைப் போன்ற பங்கேற்காதவர்களைவிட மெதுவாகவே உதவித்தொகையை விட்டு வெளியேறினார்கள். வேலை தேட வேண்டிய நேரத்தைத் திட்ட வேலை விழுங்கிவிட்டது என்பதே அதற்குச் சொல்லத்தக்க விளக்கம். 2014–15-இல் நடந்த மற்றொரு மதிப்பீட்டில் வேலை கிடைக்கும் வாய்ப்பு இரண்டு சதவீதப் புள்ளி அளவுக்குக் கூடியிருந்தது. ஒரு நாட்டை இருபது ஆண்டு விவாதத்தில் ஆழ்த்திய திட்டத்துக்கு இது மிகச் சொற்ப விளைவு.

தொலைதூரப் பகுதிகளில் நிலை இன்னும் மோசம். 2015-இல் வந்த தனித் திட்டத்தின் கீழ் அங்கே வேலையில்லாதவர் வாரம் ஐந்து நாள், 25 மணி நேரம், ஏறக்குறைய ஆண்டு முழுவதும் செயல்பட வேண்டியிருந்தது. பங்கேற்றோரில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் பூர்வகுடிகள். வேலைச் சந்தை என்று ஒன்றே இல்லாத குடியிருப்புகளில் அவர்களை எந்த வேலைக்குத் தயார்படுத்தினார்கள் என்பது விளங்கவில்லை. நாள் தவறியதற்கான அபராதம் மட்டும் நகரங்களைவிடப் பல மடங்கு விழுந்தது. 2021-இல் கட்டாயம் நீக்கப்பட்டது.

கட்டாய உழைப்பா?

2011-இல் பிரிட்டனின் பர்மிங்காமில் உதவித்தொகை பெற்றுவந்த நிலவியல் பட்டதாரி ஒருவர், அருங்காட்சியகத்தில் தாமாகச் செய்துவந்த தொண்டை விட்டுவிட்டு, பவுண்ட்லாந்து கடையில் சம்பளமில்லாமல் வேலை செய்யும்படி அனுப்பப்பட்டார். அவர் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2013-இல் வந்த தீர்ப்பு இரு தரப்புக்கும் ஆளுக்கொரு பாதி: திட்டத்தின் விதிகள் முறையாக விவரிக்கப்படாததால் செல்லாது, ஆனால் இது மனித உரிமை உடன்படிக்கை தடைசெய்யும் கட்டாய உழைப்பு அல்ல. அதற்கு முன்பே நாடாளுமன்றம் அவசரமாக முன்தேதியிட்டு ஒரு சட்டம் இயற்றி, அபராதம் பிடித்த பணத்தைத் திருப்பித் தர வேண்டியதிலிருந்து அரசைக் காக்க முயன்றது. ஜெர்மனியில் அரசியல் சாசன நீதிமன்றம் 2019 நவம்பரில் வேறு கோணத்தில் பார்த்தது. ஒத்துழைக்க மறுப்பவரின் தொகையைக் குறைக்கலாம், ஆனால் 30 சதவீதத்துக்கு மேல் குறைத்தால் மனித மாண்புக்குத் தேவையான குறைந்தபட்ச வாழ்க்கையே பறிபோகும் என்றது.

உலகெங்கும் நடந்த இருநூற்றுக்கும் மேற்பட்ட மதிப்பீடுகளைத் தொகுத்த டேவிட் கார்டு, யோகன் குளூவே, ஆந்திரியா வெபர் ஆகியோரின் 2018 ஆய்வு, பயிற்சித் திட்டங்கள் சில ஆண்டுகள் கழித்துப் பலன் தருவதையும், அரசு உருவாக்கும் தற்காலிக வேலைகளால் பங்கேற்றவரின் பிற்கால வேலைவாய்ப்பு பெரும்பாலும் உயராததையும் காட்டியது. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலம் 2018-இல் மருத்துவ உதவிக்கே வேலை நிபந்தனை போட்டுப் பார்த்தது. உழைத்த மணி நேரத்தை முதலில் இணையத்தில் மட்டுமே பதிய முடிந்தது. அந்தத் தளமோ இரவில் மூடப்படும். சில மாதங்களில் 18,000-க்கும் மேற்பட்டோர் மருத்துவ உதவியை இழந்தார்கள். வேலையில் இருப்போர் எண்ணிக்கை கூடவில்லை. நீதிமன்றம் தடுத்த அதே யோசனையை 2025 ஜூலையில் அமெரிக்கா நாடு முழுமைக்கும் சட்டமாக்கியது: மாதம் 80 மணி நேரம்.

இந்தியாவின் வேறு வழி

இந்தியாவில் இந்தக் கேள்விக்கு வந்த தெளிவான சட்ட விடை 1983-இல் சஞ்சித் ராய் வழக்கில் கிடைத்தது. பஞ்ச நிவாரண வேலைகளுக்குத் தொழிலாளர் சட்டங்கள் பொருந்தா என்று ராஜஸ்தான் 1964-இல் ஒரு சட்டம் வைத்திருந்தது. சாலைபோடும் வேலையில் குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்தார்கள். உதவிதானே செய்கிறோம் என்ற அரசின் வாதத்தை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. மக்களின் உழைப்பால் அரசுக்குச் சாலை கிடைக்கிறது. அவர்களின் வேறு வழியற்ற நிலையைப் பயன்படுத்திக் குறைந்த கூலி தருவது அரசியல் சாசனத்தின் 23-ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பே என்று தீர்ப்பானது. பவுண்ட்லாந்து வழக்கின் நீதிபதிகள் போகாத தூரம் இது. இந்தக் கட்டுரையாளர் பார்வையில் இதுவே சரியான அளவுகோல்.

மகாராஷ்டிரம் 1970-களில் முயன்று பார்த்த வேலை உறுதித் திட்டத்தின் வழியில், 2005-இல் தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் யாரும் அதை அப்பெயரால் அழைப்பதில்லை, நூறு நாள் வேலை என்பார்கள். உதவி கேட்டவரிடம் உழைப்பை அரசு கேட்பதற்குப் பதிலாக, வேலை கேட்கும் உரிமை மக்களிடம் வந்தது. கேட்ட 15 நாளில் வேலை தராவிட்டால் வேலையில்லாப் படி தர வேண்டும். ஒப்பந்ததாரருக்கு இடமில்லை. வேலைக்கு வருவோரில் பெண்களே பெரும்பான்மை. தமிழ்நாட்டில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல். மரத்தடியில் உட்கார்ந்துவிட்டுப் போகிறார்கள் என்ற ஏளனமும், நாற்று நட ஆள் கிடைப்பதில்லை என்ற நிலக்காரர்களின் முறையீடும் ஊருக்கு ஊர் கேட்கும். ஏரியை ஆழப்படுத்தும் வேலை எல்லா இடத்திலும் ஒழுங்காக நடந்தது என்று யாரும் சொல்ல முடியாது. கூலி மாதக்கணக்கில் நிலுவை நின்றதும் உண்மை. ஆனால் நிலக்காரர்களின் முறையீட்டின் உள்ளே இருப்பது வயல் கூலி உயர்ந்துவிட்டதே என்ற வருத்தம்.

கூலியில்தான் அரசு பின்வாங்கியது. 2009 முதல் மத்திய அரசு இத்திட்டக் கூலியைக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்திலிருந்து பிரித்துத் தனியே நிர்ணயித்தது. குறைந்தபட்சக் கூலியே தர வேண்டும் என்று கர்நாடக உயர் நீதிமன்றம் 2011-இல் சொன்ன பிறகும் பல மாநிலங்களில் இடைவெளி நீடித்தது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டம் நாள்களின் எண்ணிக்கையை 125 ஆக்கியது. கூடவே விதைப்பு, அறுவடைப் பருவங்களில் மொத்தம் 60 நாள் வரை வேலையை நிறுத்திவைக்க வழி செய்தது. வெளியே கூலி உயரக்கூடிய நாள்களில்தான் இந்த வேலை கிடைக்காது.