சாட்சியின் சொல்
துன் ஸாக்கி அஸ்மி தலைமை நீதிபதியாக விளங்கிய காலத்தில் (2008–2011), தேங்கிய சிவில் வழக்குகளை விரைவுபடுத்தும் சீர்திருத்தம் வேகம் பெற்றது. 2012 ஆகஸ்டு 1இல் புதிய நீதிமன்ற விதிகள் நடப்புக்கு வந்தன. இன்று நீதிபதி, விசாரணைக்கு முன்னரே வழக்கறிஞர்களிடம் ஒப்புக்கொண்ட செய்திகள், எழுவினாக்கள், ஆவணத் தொகுப்பு, சாட்சிப் பட்டியல் ஆகியவற்றைக் கேட்கிறார். முதல் விசாரணைக்கு ஈடாக, வினாவிடையாய் எழுதிய வாக்குமூலமே தாக்கலாகிறது. நாம் கருத வேண்டியது இதனையே.

முன்னர், கிள்ளான் மூதாட்டி ஒருவர் கூண்டிலேறித் தமிழில் தாமே சொல்வார், நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் பெயர்ப்பார், எதிர்த்தரப்பும் கேட்கும். இன்றோ அவருடைய சொல், வழக்கறிஞர் அலுவலகத்திலேயே மலாயாகவோ ஆங்கிலமாகவோ மாறிவிடுகிறது. குறுக்கு விசாரணையில்தான் அவர் குரல் அவையில் ஒலிக்கும். ஆகவே, கையொப்பத்திற்கு முன் வாக்குமூலத்தைத் தமிழில் வாசித்துக் காட்டுவது வெறும் சடங்கன்று. "நகையைக் கொடுத்து வைத்தேன்" என்பது "கொடுத்தேன்" என்றானால், அடைக்கலப் பொருள் அன்பளிப்பாகிவிடும்.