தரிசு நிலம் யாருக்கு?

தென் கரோலினா மாநிலம் 1860 டிசம்பர் 20 அன்று அமெரிக்க ஒன்றியத்தை விட்டு விலகியதோடு சென்ற இதழ்க் கட்டுரையை நிறுத்தியிருந்தோம். அப்போது அந்நாட்டில் அடிமைகளாக இருந்தவர்கள் ஏறத்தாழ 40 லட்சம் பேர். அவர்களை முன்னிட்டு மூண்ட போரில் 6 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். தென் கரோலினா விலகியதற்குப் பதினேழு ஆண்டுகள் முன்னதாகவே, 1843 ஏப்ரல் 7 அன்று, இந்தியாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அரசு அடிமை முறை பற்றி ஒரு சட்டம் கொண்டுவந்தது. 1843-ஆம் ஆண்டின் 5-ஆம் சட்டம் என்பது அதன் பெயர். கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளில் 1841-ல் 80 முதல் 90 லட்சம் அடிமைகள் இருந்திருப்பார்கள் என்று பிற்காலத்தில் சர் பார்ட்டில் ஃப்ரேர் மதிப்பிட்டார். அமெரிக்காவில் இருந்தவர்களைப் போல இரண்டு மடங்கு. ஆனாலும் இங்கே போர் மூளவில்லை. பெரிய கிளர்ச்சிகூட எழவில்லை. நம் மக்கள் பொறுமைசாலிகள் என்பார்கள் சிலர்; கம்பெனி நிர்வாகம் காரியத்தைச் சாமர்த்தியமாக முடித்தது என்பார்கள் வேறு சிலர். இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. பொன்னேரி அடங்கிய பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் கதையைப் பார்த்தால் வேறொரு காரணம் தெரிகிறது. 1843 சட்டம் ஆளைப் பற்றிப் பேசியது, நிலத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. நிலத்தைப் பற்றி ஓர் அதிகாரி பேசத் துணிந்தபோது, ஐம்பது ஆண்டுகளாகக் காணாத எதிர்ப்பு ஒரே ஆண்டில் கிளம்பியது.

அமெரிக்காவிலும் சண்டையின் வேர் இதுதான். தெற்கே இருந்த அடிமைகளை உடனே விடுவிக்க வேண்டும் என்று கேட்டவர்கள் வடக்கில் சிறுபான்மையினர். அரசியல்வாதிகள் நாற்பது ஆண்டுகள் மல்லுக்கட்டியது, மேற்கே புதிதாகச் சேர்ந்துகொண்டிருந்த நிலம் யாருக்கு என்ற கேள்வியில். 1820-ல் மிசூரி உடன்பாடு வரைபடத்தில் ஒரு கோடு கிழித்து, அதற்கு வடக்கே அடிமை கூடாது என்றது. 1850-ல் இன்னொரு சமரசம். 1854-ல் கன்சாஸ், நெப்ராஸ்கா பகுதிகளில் குடியேறுகிறவர்களே முடிவு செய்துகொள்ளட்டும் என்று பழைய கோட்டை அழித்தார்கள். கன்சாஸில் இரு தரப்பும் துப்பாக்கியோடு குடியேறின. 1856 மே மாதம் அடிமை முறையைக் கண்டித்துப் பேசிய செனட்டர் சம்னரை, தென் கரோலினா உறுப்பினர் புரூக்ஸ் மன்றத்துக்குள்ளேயே கைத்தடியால் அடித்துச் சாய்த்தார். லிங்கன் 1860-ல் வாக்குக் கேட்டபோதும், தெற்கில் உள்ளதைத் தொடமாட்டேன், புதிய நிலத்துக்குப் பரவ விடமாட்டேன் என்றுதான் சொன்னார். தெற்கு பிரிந்துபோக அவ்வளவே போதுமானதாக இருந்தது. குடியேறுபவருக்கு 160 ஏக்கர் தரும் மசோதாவை 1860-ல் அதிபர் புகேனன் நிராகரித்தார்; தென்மாநில உறுப்பினர்கள் வெளியேறிய பிறகு, 1862-ல் அது சட்டமானது. நிலம் கிடைத்தால் உழைப்பவன் யாருக்கும் கட்டுப்பட மாட்டான் என்பதைப் பண்ணை முதலாளிகள் நன்றாகவே புரிந்துவைத்திருந்தார்கள்.

நம் பக்கத்து மிராசுதாரர்களும் அதைப் புரிந்துவைத்திருந்தார்கள். பொன்னேரி வட்டாரத்துக்கு அடிமை வணிகம் புதிதல்ல. ஆரணியாறு சென்று சேரும் பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-ல் கெல்டிரியா கோட்டையை எழுப்பினார்கள். போரும் பஞ்சமும் வந்த ஆண்டுகளில், குறிப்பாக 1620களின் தொடக்கத்தில், பழவேற்காடு, தேவனாம்பட்டினம் போன்ற துறைமுகங்களிலிருந்து ஆட்களை வாங்கிப் பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, கப்பலேற்றினார்கள். கப்பலேறியவர்கள் ஒரு வகை. ஊரிலேயே இருந்து, தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பத்தின் வயலில் உழைத்த படியாட்கள் இன்னொரு வகை. பெரும்பாலும் பறையர் சமூகத்தைச் சேர்ந்த இவர்களுக்குக் கூலி தானியமாக அளக்கப்பட்டது. ஊரின் விளைநிலம், தரிசு, நத்தம் எல்லாவற்றின் மீதும் மிராசுதாரர்கள் பரம்பரை உரிமை கொண்டாடினார்கள். 1763-ல் ஆற்காட்டு நவாபிடமிருந்து இந்தப் பகுதியை ஜாகீராகப் பெற்ற கம்பெனி, வரி தடையில்லாமல் வர வேண்டும் என்ற ஒரே கவலையால் அந்த உரிமையைப் பெருமளவு அப்படியே விட்டுவைத்தது.

வரி என்ற அந்தக் கவலைதான் பிறகு எல்லாவற்றையும் தீர்மானித்தது. 1819-ல் சென்னை வருவாய் வாரியம் மாவட்ட ஆட்சியர்களிடம் அடிமை முறை பற்றிக் கருத்துக் கேட்டது. திருச்சிராப்பள்ளி ஆட்சியரின் பதிலில் நிர்வாகத்தின் மனம் முழுவதும் வெளிப்பட்டது: பிராமண மிராசுதாரர்கள் ஏர் பிடிக்க மாட்டார்கள், பண்ணையாட்கள் போய்விட்டால் சாகுபடி கெடும், சாகுபடி கெட்டால் வரி விழும். 1833-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்தது. அடிமைகளை வைத்திருந்த முதலாளிகளுக்கு 2 கோடி பவுண்டு இழப்பீடும் கொடுத்தது. ஆனால் கம்பெனி ஆண்ட பகுதிகளையும் இலங்கையையும் அந்தச் சட்டத்திலிருந்து விலக்கி வைத்தது. இந்தியாவில் இதில் கைவைத்தால் ஆட்சியே ஆட்டம் காணும் என்று வெலிங்டன் பிரபு எச்சரித்தார். 1841-ல் அறிக்கை தந்த சட்ட ஆணையத்திலும் ஒருமித்த கருத்து இல்லை. இத்தனை தயக்கத்துக்குப் பிறகு 1843-ல் வந்த சட்டத்தை யாரும் எதிர்க்கவில்லை என்றால், அதில் என்னதான் இருந்தது என்று பார்க்க வேண்டும்.

அதில் இருந்தவை நான்கே பிரிவுகள். நீதிமன்றத் தீர்ப்புக்காகவோ வரிப் பாக்கிக்காகவோ எந்த அரசு அதிகாரியும் ஓர் ஆளை அடிமை என்று ஏலம் விடக்கூடாது. இவன் என் அடிமை என்று சொல்லி யாரும் நீதிமன்றத்தில் உரிமை கோர முடியாது. ஒருவர் உழைத்துச் சேர்த்த சொத்தை, அவர் அடிமை என்று காட்டிப் பறிக்க முடியாது. சுதந்திரமான மனிதருக்குச் செய்தால் குற்றமாகும் எதுவும், அடிமை எனப்படுபவருக்குச் செய்தாலும் குற்றமே. அடிமை வைத்திருப்பது குற்றம் என்று ஒரு வரியும் இல்லை. ஆட்களை அடிமையாக வாங்குவதும் விற்பதும் குற்றமானது 1860-ல் இயற்றப்பட்ட தண்டனைச் சட்டத்தில்தான். இந்த நான்கு பிரிவுகளையும் பொன்னேரிப் பக்கத்துப் படியாள் ஒருவரின் வாழ்க்கையோடு பொருத்திப் பாருங்கள். அவருடைய குடிசை நிற்கும் சேரி மனை மிராசுதாரர் தனதென்று சொல்லும் நத்தத்தில் இருக்கிறது. கல்யாணத்துக்கு வாங்கிய கடனும், தகப்பன் விட்டுப்போன கடனும் அவர் பெயரில் இருக்கின்றன. மாடு மேய்க்கும் இடமும், விறகு பொறுக்கும் தோப்பும், நடந்து போகும் வரப்பும் அடுத்தவருடையவை. அடிமை என்று காட்டி அவரைப் பிடித்துவைக்க மிராசுதாரர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டிய தேவையே எழாது. மனையைக் காலி செய் என்ற ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தைக்கு எதிராக 1843 சட்டத்தில் எந்தப் பிரிவும் கிடையாது. மிராசுதாரர்கள் ஏன் அமைதியாக இருந்தார்கள் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டியதில்லை.

படியாளை அமெரிக்க அடிமையோடு ஒப்பிடுவது தவறு என்று ஒரு மறுப்பு உண்டு. அறுவடையில் படியாளுக்கு வழக்கப்படி பங்கு இருந்தது, ஊர்த் திருவிழாவில் உரிமை இருந்தது, பெரும்பாலும் அவரைச் சொந்த ஊரிலிருந்து பிரித்து விற்கவில்லை என்பார்கள். வேறுபாடு உண்மைதான். ஆனால் நிலத்தோடு சேர்த்து ஆட்களைக் கைமாற்றியதற்கும், நிலமில்லாமல் ஆட்களை மட்டும் விற்றதற்கும், அடகு வைத்ததற்கும் தமிழகத்தில் போதுமான ஆவணங்கள் உள்ளன. இந்த மறுப்பை அன்றைக்கு உரக்கச் சொன்னவர்கள் மிராசுதாரர்களும், அவர்களை நம்பி வரி வசூலித்த அதிகாரிகளும்தான். இங்கே இருப்பது அடிமை முறையே இல்லை, மென்மையான பரம்பரை உறவு என்று ஒப்புக்கொண்டால், ஒழிப்பதற்கும் எதுவும் இராது.

இன்னொரு மறுப்புக்கு நான் கூடுதல் மதிப்புத் தருகிறேன். சட்டம் பயனற்றது என்று தள்ளிவிட முடியாது; ஓடிப்போனவரை வழக்குப் போட்டுத் திரும்பப் பிடிக்க முடியாது என்ற நிலையை அது உண்டாக்கியது. அந்த வாசல் வழியாக எத்தனையோ பேர் வெளியேறினார்கள். சென்னைப் பட்டணத்துக்கும் கோலார் சுரங்கத்துக்கும் போனவர்கள் உண்டு. லிங்கன் தேர்தலில் நின்ற அதே 1860 அக்டோபரில், சென்னைத் துறைமுகத்திலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டு, நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பனை அடைந்தது. சொந்த ஊரில் ஒரு குழி நிலம் கிடைக்காதவர்கள், கடல் தாண்டி நேட்டால் கரும்புத் தோட்டத்தில் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்தார்கள். ஊரை விட்டால்தான் விடுதலை என்ற நிலையை முழு விடுதலை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நிலம் பற்றிய பேச்சு 1891-ல் எழுந்தது. செங்கல்பட்டின் பொறுப்பு ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர், அந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலை பற்றி விரிவான அறிக்கை ஒன்றை அரசுக்கு அனுப்பினார். திருவள்ளூரைத் தளமாகக் கொண்டு பணியாற்றிய, வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் கௌடி போன்ற பாதிரிமார்களும் அந்தக் காலத்தில் இதையே எழுதிவந்தார்கள். உழைப்பை அடகு வைத்து எழுதிய பத்திரங்கள், மனையைக் காட்டி மிரட்டும் வழக்கம் எல்லாம் அறிக்கையில் வந்தன. எனினும் அதன் உயிர்நாடி தர்காஸ்து முறையைப் பற்றி அவர் சொன்ன இடம். தரிசு நிலம் வேண்டும் என்று யாரும் தாசில்தாருக்கு மனுப் போடலாம்; காகிதத்தில் சாதித் தடை கிடையாது. ஆனால் மனு வந்ததும் ஊரில் அறிவிப்பு வரும். நிலத்தை முதலில் எடுத்துக்கொள்ளும் உரிமை மிராசுதாரருக்கு உண்டு. பத்து இருபது ஆண்டுகள் முள் மண்டிக் கிடந்த தரிசாக இருந்தாலும், படியாள் கேட்டுவிட்டார் என்று தெரிந்த அன்றே அது மிராசுதாரருக்குத் தேவைப்பட்டுவிடும். மனுப் போட்டவருக்கு நிலமும் போகும், மறுநாள் வேலையும் போகும், சில நேரம் குடிசையும் போகும். மிசூரிக் கோட்டுக்கு வடக்கே அடிமையைக் கொண்டுபோகும் உரிமைக்காகத் தென்மாநிலத்தார் போராடினார்கள். செங்கல்பட்டில் படியாளைத் தரிசு நிலத்துக்குள் வரவிடாமல் இருக்கும் உரிமைக்காக மிராசுதாரர்கள் போராடினார்கள். திசை வேறு, நோக்கம் ஒன்று.

அதே 1891-ல் இரட்டைமலை சீனிவாசன் பறையர் மகாஜன சபையைத் தொடங்கினார். அவரும் செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர். 1893-ல் சமூகத்தின் பெயரையே தலைப்பாகக் கொண்டு பத்திரிகையும் நடத்தினார். 1843-ல் யாரைப் பற்றிச் சட்டம் இயற்றினார்களோ அவர்கள் தரப்பில் பேச அவையிலும் ஆள் இல்லை, அச்சிலும் ஆள் இல்லை. அமெரிக்காவில் ஃபிரெடரிக் டக்ளஸ் போன்ற முன்னாள் அடிமைகள் 1840களிலேயே மேடையிலும் பத்திரிகையிலும் பேசினார்கள். கேள்வியை மூடி வைக்க முடியாதபடி செய்ததில் அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. நம் பக்கத்தில் அந்தக் குரல் அச்சில் ஏற அரை நூற்றாண்டு தாமதமானது. அமைதி நிலவியதற்கு அந்தத் தாமதமும் ஒரு காரணம்.

டிரெமென்ஹீர் சொன்னதை வருவாய் வாரியம் முழுதாக ஏற்கவில்லை; பறையர்களின் நிலை அவ்வளவு மோசமில்லை என்ற வாதமும் எழுந்தது. ஆயினும் 1892 செப்டம்பர் 30 அன்று அரசு 1010, 1010ஏ எண்ணிட்ட ஆணைகளைப் பிறப்பித்தது. அவற்றின் வழியாகத் தரிசு நிலத்தின் ஒரு பகுதி அவர்களுக்கென ஒதுக்கப்பட்டது. அதுவே இன்று நாம் சொல்லும் பஞ்சமி நிலம். பத்தாண்டுகளுக்கு விற்கவோ அடகு வைக்கவோ கூடாது, அதன் பிறகும் அதே சமூகத்தாருக்கு மட்டுமே கைமாற்ற வேண்டும் என்பது நிபந்தனை.

போரே இல்லாமல் நிலத்தில் ஒரு பங்காவது கிடைத்ததே, 6 லட்சம் பேரைப் பலிகொடுத்த அமெரிக்காவைவிட இது மேல்தானே என்று ஒரு வாசகர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. 1865 ஜனவரியில் தளபதி ஷெர்மன் கடலோரப் பண்ணை நிலங்களை விடுதலை பெற்ற குடும்பங்களுக்கு 40 ஏக்கர் வரை பிரித்துத் தர ஆணையிட்டார்; அதே ஆண்டு அதிபர் ஜான்சன் அவற்றில் பெரும்பகுதியைப் பழைய முதலாளிகளுக்கே திருப்பிக் கொடுத்தார். நிலமற்று விடுதலை பெற்றவர்கள் வாரத்துக்கு உழுது மீண்டும் கடனில் சிக்கினார்கள். ஆகவே போர் மூண்டதால் மட்டும் நிலம் வந்துவிடவில்லை. என் வாதமும் போர் வந்திருக்க வேண்டும் என்பதல்ல. இங்கே போர் வராததைப் பெருந்தன்மைக்கு அடையாளமாக எழுதிவைப்பதைத்தான் மறுக்கிறேன். இரு நாடுகளிலும் ஆளுக்கு விடுதலை கொடுத்த அரசுகள் நிலம் என்று வந்ததும் பின்வாங்கின. அங்கே போருக்குப் பிறகு பின்வாங்கினார்கள், இங்கே தொடக்கத்திலேயே.

பஞ்சமி நிலத்தின் கதையும் 1892-ல் முடிந்துவிடவில்லை. நிபந்தனைகளை மீறிக் கைமாறிய நிலங்களை மீட்கக் கோரிச் செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று காவல்துறை சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் இறந்தார்கள். 1976-ன் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் கடனையே ரத்து செய்தது. 1843 சட்டம் எட்டாத இடம் அது. ஆனாலும் திருவள்ளூர் மாவட்டத்து அரிசி ஆலைகளிலிருந்தும் செங்கல் சூளைகளிலிருந்தும் இருளர் குடும்பங்கள் முன்பணக் கடனில் சிக்கி மீட்கப்பட்ட செய்திகள் தொடர்ந்து வந்திருக்கின்றன. மீட்கப்படுகிறவர்களுக்கு விடுதலைச் சான்றிதழ் தருகிறார்கள், உடனடி உதவித்தொகையும் தருகிறார்கள். மனைப் பட்டாவுக்கு அதன் பிறகு தனியாக மனுப் போட வேண்டும்.

1892 ஆணையின் பத்தாண்டு நிபந்தனை பத்திரப்பதிவு அலுவலகங்களில் எப்படித் தோற்றது என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)