கவலை இறைத்த காலம்

சித்திரை பிறந்தால் காவிரிக் கழனிகள் அறுவடை முடிந்து வெறும் தாளடியாய்க் கிடக்கும். கொங்கு நாட்டில் கதை வேறு. பல்லடம், காங்கயம், ஈரோடு வட்டாரங்களில் கோடைதான் தோட்டக்காரருக்கு ஓய்வே இல்லாத காலம். மிளகாய்க்கும் சின்ன வெங்காயத்துக்கும் முறை தவறாமல் தண்ணீர் கட்ட வேண்டும். பருத்தி வெடித்து நிற்கும். வைகாசியில் மஞ்சள் ஊன்றுவதற்குப் பாத்தி பிடித்தாக வேண்டும். இத்தனைக்கும் இது மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதி. ஆண்டு மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் பெய்து தீர்ந்துவிடும். கோடைப் பயிரைக் காப்பாற்றியது கிணறு. அந்தக் கிணற்று நீரை மேலே கொண்டுவந்தது எருது பூட்டி இறைக்கும் கவலை.

மழையை மட்டும் நம்பிய நிலத்தைக் காடு என்றும், வாய்க்கால் பாயும் நிலத்தை வயல் என்றும், கிணற்றுப் பாசன நிலத்தைத் தோட்டம் என்றும் இங்கே பிரித்துச் சொல்வார்கள். குடியிருப்பும் பெரும்பாலும் தோட்டத்துக்குள்ளேயேதான். 1800-இல் இந்தப் பகுதி வழியாகப் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன் கிணற்றுப் பாசனத் தோட்டங்களைப் பற்றி எழுதிவைத்தார். அவருடைய பயண நூல் 1807-இல் வெளியானது. அப்போதே தோட்டத்துக்குக் காட்டைவிடக் கூடுதல் வரி இருந்தது. சொந்தச் செலவில் கிணறு வெட்டிய குடியானவருக்கு அது பெரும் பாரம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் போக்கில் அந்தக் கூடுதல் வரி தளர்ந்ததும், பாறையை உடைத்துக் கிணறு வெட்டுவது பெருகியது. 1887-இல் எஃப். ஏ. நிக்கல்சன் கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டைத் தொகுத்தபோது, கிணறுதான் இந்த மாவட்ட வேளாண்மையின் முதுகெலும்பாக இருந்தது. அதற்குப் பத்தாண்டு முன்புதான் 1876–78 பஞ்சம் ஊர்களைச் சூறையாடிவிட்டுப் போயிருந்தது.

கவலை இறைப்பதைக் கிட்ட நின்று பார்த்தால்தான் அதன் நுட்பம் விளங்கும். கிணற்று மேட்டில் இரண்டு கல் தூண்கள், குறுக்கே ஒரு சட்டம், நடுவில் உருளை. உருளையின் மேல் தடித்த வடக்கயிறு ஓடும். அதன் ஒரு முனையில் தோலால் செய்த சால், மறுமுனையில் நுகத்தடி. சாலின் அடியில் நீண்ட தோல் குழாய் ஒன்று உண்டு. அதற்குத் தும்பி என்று பெயர். தும்பியின் நுனியில் மெல்லிய இன்னொரு கயிறு. எருதுகள் சரிவான வாரியில் இறங்கும்போது சால் நிறைந்து மேலே வரும். அதுவரை மேல்நோக்கி மடிந்திருக்கும் தும்பியை, சால் விளிம்புக்கு வந்ததும் சின்னக் கயிறு தொட்டிக்குள் இழுத்துவிடும். யாரும் கவிழ்க்காமலே தண்ணீர் கொட்டிவிடும். இறங்கும்போது ஓட்டுபவர் வடத்தின் மேல் உட்கார்ந்து தம் எடையையும் சேர்ப்பார். பிறகு எருதுகள் பின்னோக்கி நடந்தே மேடேறும். முன்னும் பின்னும் நடக்கப் பழகிய மாட்டுக்குச் சந்தையில் தனி மதிப்பு இருந்தது. காங்கயம் காளைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த வேலைகளில் இதுவும் ஒன்று. கிளுவை வேலி போட்ட கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தில் கொழுக்கட்டைப் புல் மேய்ந்து வளர்ந்த மாடு அது. பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் அந்த இனத்தைத் தலைமுறைகளாகப் பேணியது.

ஒரு கவலையால் இரண்டு மூன்று ஏக்கருக்கு மேல் பாய்ச்ச முடியாது. அதனால் கோடையின் நாள்முறையே கிணற்றைச் சுற்றி அமைந்தது. கோழி கூவுமுன் மாடு பூட்டி, வெயில் ஏறுமுன் அவிழ்ப்பார்கள். இறைக்கிறவர் பாடுவார், வாமடையில் தண்ணீரைத் திருப்புகிறவர் மண்வெட்டியோடு பாத்தி பாத்தியாக நகர்வார். வேலை ஓய்ந்ததும் கம்பங்கூழும் மோரும், கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயமும். பனை இருக்கும் ஊர்களில் தெளுவு எனும் பதநீரும் நுங்கும் கிடைக்கும். மாரியம்மன் கோயிலில் திருவிழாவுக்குக் கம்பம் நட்டுவிட்டால், பெண்கள் குடத்தில் நீர் மொண்டு வந்து அதற்கு ஊற்றுவார்கள். தண்ணீர் அருமையான நாட்களில்தான் இந்தச் சடங்கு நடக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இந்தக் கோடைப் பசுமையை யார் தோளில் தூக்கி நிறுத்தினார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டால் வரலாறு பொய்யாகிவிடும். ஆவாரம்பட்டையில் தோலைப் பதப்படுத்தி, சால் தைத்து, கிழிந்தால் ஒட்டுப்போட்டுக் கொடுத்தவர்கள் அருந்ததியர். அவர்களில் பலர் அதே தோட்டத்தில் ஆண்டுக் கணக்கில் பண்ணையாளாகவும் இருந்தார்கள். கூலி தானியமாக வரும். வாங்கிய முன்பணம் கடனாக நின்று குடும்பத்தையே தோட்டத்தோடு கட்டிப்போடும். சால் இல்லாமல் கிணறு இல்லை, கிணறு இல்லாமல் மிளகாயும் மஞ்சளும் இல்லை. ஆனாலும் அதைத் தைத்த கைகளை ஊர் தீண்டத்தகாதவை என்றே ஒதுக்கிவைத்தது. பழைய தோட்டங்களைப் பொற்காலமாக வர்ணிக்கும் பலர் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

மாற்றம் மலையிலிருந்து இறங்கி வந்தது. 1932-இல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கி, கோயம்புத்தூர்ச் சமவெளிக்கு மின்சாரம் கிடைத்தது. 1937-இல் கோயம்புத்தூர்த் தொழில்முனைவோரான ஜி. டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் உள்நாட்டிலேயே மின்மோட்டாரைத் தயாரித்தார்கள். அந்நகரின் பீளமேட்டைச் சுற்றி வார்ப்புப் பட்டறைகளும் பம்பு செட்டுத் தொழிலும் வளர்ந்தன. விடுதலைக்குப் பிறகு மின்கம்பி ஊர் ஊராக நீண்டது. 1970-களுக்குள் பெரும்பாலான கிணற்று மேடுகளில் கவலை நின்றுபோனது. சால் தைக்கும் தொழிலும் அதோடு போனது. அந்தக் குடும்பங்களில் சிலருக்கு அது பட்டினி, சிலருக்குப் பண்ணைக் கட்டிலிருந்து விடுதலை. மில்லுக்கும், பின்னாளில் திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளுக்கும் போனவர்கள் அவர்களில் உண்டு.

கவலைக்கு ஒரு வரம்பு இருந்தது: மாடு களைத்தால் இறைப்பு நின்றுவிடும், இரவு முழுக்கக் கிணறு ஊறும். மோட்டாருக்குக் களைப்பில்லை. உழவுக்கு இலவச மின்சாரமும் சேர்ந்துகொண்டபின் திறந்த கிணறுகள் வற்றி, அவற்றின் அடியிலேயே ஆழ்துளை போட்டார்கள். அந்தத் துளைகள் இன்று சில ஊர்களில் 1,000 அடியையும் தாண்டிவிட்டன. 2017 வறட்சியில் கோவை, திருப்பூர்ப் பக்கத்துத் தென்னைகளுக்கு லாரியில் தண்ணீர் வாங்கி ஊற்றியவர்கள் உண்டு.

ஆனாலும் ஈரோட்டு மஞ்சள் நின்றுபோகவில்லை. 2019-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கிழங்கு ஊன்றும் காலம் இன்றும் வைகாசி, ஆனிதான். ஊடே சின்ன வெங்காயம் போடுவதும் வரப்போரம் ஆமணக்கு நடுவதும் கவலைக் காலத்து வழக்கங்களே; பாத்திக்குப் பதில் சொட்டுநீர்க் குழாய் வந்திருக்கிறது. கோடை மழை ஒரு உழவுக்காவது பெய்யுமா என்று பார்த்துக்கொண்டுதான் விதைக்கிழங்குக்கு விலை பேசுகிறார்கள்.