கொங்கு நாட்டு வெயிலும் கடல் கடந்த விலையும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் அமைந்த கொங்கு நாட்டில் ஆற்றுப் பாசனம் வாய்த்த நிலம் சிறிது. கிணற்றை நம்பிய தோட்டமே பெரிது. பாறையைக் குடைந்து ஆழமாக வெட்டிய கிணற்றின் விளிம்பிலிருந்து எருதுகள் சரிவில் இறங்கி வடத்தை இழுக்க, சால் நீர் மொண்டு மேலே வந்து, அதன் அடியில் கட்டிய தோல் தும்பி வழியே வாய்க்காலுக்குக் கொட்ட, எருதுகள் மீண்டும் பின்னடைந்து மேடேற, விடியுமுன் தொடங்கி வெயில் உறைக்கும் வரை நடந்த கவலை இறைப்பே பல தலைமுறைகளாக இந்நாட்டு விவசாயத்துக்கு ஆதாரமாக இருந்தது. ஆதலால், நீரை மேலே கொண்டுவரும் சக்திக்கு என்ன விலை, அந்த விலையை நிர்ணயிப்பவர் யார் என்னும் இரு கேள்விகளும் இந்தப் பிரதேசத்தின் சரித்திரத்தில் ஓயாமல் எழுந்து வந்திருக்கின்றன. இன்று மில் கூரைகளிலும் தோட்டத்துச் சாளைகளின் மேலும் பரவிவரும் சூரியத் தகடு அதே கேள்விகளைத்தான் மறுபடியும் எழுப்புகிறது.

1932-இல் நீலகிரியில் பைக்காரா மின்நிலையம் இயங்கத் தொடங்கி, அதன் மின்சாரம் கோவைச் சமவெளிக்கு இறங்கியபோது, சக்தி வந்து சேர்ந்தது. ஆனால் அந்தச் சக்தியை வேலை வாங்கும் மோட்டார் கப்பலேறி வரவேண்டியிருந்தது. அதன் விலை சீமையில் நிர்ணயமாயிற்று. கப்பல் கூலியும் தரகும் சுங்கமும் அதன்மேல் ஏறின. இந்த நிலையை மாற்றியது எந்தச் சட்டமும் அன்று, கோவைக் கைத்தொழிலாளரின் சாமர்த்தியமே. பீளமேட்டில் 1926-இல் தோன்றிய பி.எஸ்.ஜி. தொழிற்கூடம் வார்ப்பும் கடைசலும் அறிந்த ஒரு தலைமுறையை உருவாக்கியது, ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் 1937-இல் இந்தியாவிலேயே தயாரான முதல் மின்மோட்டார் என்று போற்றப்படும் யந்திரத்தைச் செய்து காட்டினர். அதன்பின் பவுண்டரிகளும் லேத் பட்டறைகளும் தெருத்தெருவாகப் பெருகி, தேசத்தின் பம்ப்செட்டுகளில் ஏறக்குறைய பாதி இங்கே பிறக்கும் நிலை வந்தது. விலை கொடுத்து வாங்கிய பொருளை உற்பத்தி செய்யக் கற்றுக்கொண்டதனால், அதன் விலையை நிர்ணயிக்கும் உரிமையும் ஓரளவு இவ்வூருக்கு வந்தது.

பஞ்சாலைகளின் கதையும் இதற்கு வேறானதன்று. 1888-இல் ஸ்டேன்ஸ் துரையின் முயற்சியால் இங்கே முதல் நூற்பாலை எழுந்தது. ஆயினும் ஆலைகள் அடுக்கடுக்காகப் பெருகியது 1930களில்தான். பைக்காரா மின்சாரம் அதற்கு ஒரு காரணம். ஜப்பானியத் துணி மலிந்து குவிந்தபோது, 1933-இல் பிரிட்டிஷார் அல்லாதாரின் துணிக்கு அரசாங்கம் நூற்றுக்கு 75 வீதம் வரி விதித்தது மற்றொரு காரணம். ஆனால் வரியின் நிழலில் இவ்வூர் உறங்கிவிடவில்லை. லங்காஷயரிலிருந்து நூற்பு யந்திரம் வாங்கிய ஊரிலேயே 1962-இல் லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் தோன்றி, அந்த யந்திரங்களைச் செய்து உலகுக்கு விற்கலாயிற்று.

மின்சாரத்தின் விலை இந்நாட்டாருக்கு உயிர்ப்பிரச்சினையாகவே இருந்திருக்கிறது. 1970-இல் மின்கட்டண உயர்வை எதிர்த்து எழுந்த கிளர்ச்சியில் பெருமாநல்லூரில் விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையாயினர். விவசாயிகளின் தலைவர் நாராயணசாமி நாயுடுவின் வழிகாட்டலில் 1972-இல் மாட்டுவண்டிகள் கோவை வீதிகளை நிறைத்து நின்றன. பின்னாளில் பாசனத்துக்கு மின்சாரம் இலவசமாயிற்று. எனினும் 2008 முதல் சில ஆண்டுகள் நீடித்த மின்வெட்டு, நூற்புக் கதிரையும் தறியையும் மணிக்கணக்கில் ஓய்ந்து நிற்கச் செய்து, சொந்தமாக மின்சாரம் வைத்திராத தொழில் நிலையற்றது என்னும் பாடத்தைப் புகட்டியது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை நம்பி, பல்லடம், உடுமலைப் பக்கங்களில் காற்றாலை நிறுத்தியிருந்த ஆலை முதலாளிகள் அப்போது வெயிலின் பக்கமும் திரும்பினர்.

அவர்கள் திரும்பிய வேளையில் தகட்டின் விலை ஏன் மலிந்திருந்தது என்பதை அறிய, கடல் கடந்து பார்க்க வேண்டும். 1954-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த சிலிக்கன் மின்கலம் முதலில் விண்கலங்களுக்கே கட்டுபடியாயிற்று. 1970களின் நடுவில்கூட ஒரு வாட் தகட்டின் விலை இன்றைய மதிப்பில் நூறு டாலருக்கு மேல். 1973-இன் எண்ணெய் நெருக்கடி ஜப்பானை இத்துறையில் இறக்கியது. 2000-இல் ஜெர்மனி இயற்றிய சட்டம், கூரையில் விளைந்த மின்சாரத்துக்கு இருபது ஆண்டு நிச்சய விலை தந்து, உலகுக்கே ஒரு சந்தையைத் திறந்தது. அச்சந்தையை நிரப்பியதோ சீனம். 2001-இல் வூஷி நகரில் தோன்றிய சன்டெக் முதலாகப் பல ஸ்தாபனங்கள், மாகாண அரசுகளின் நிலத்தையும் கடனையும் மலிவான நிலக்கரி மின்சாரத்தையும் பற்றிக்கொண்டு எழுந்தன. 2008-இல் கிலோ 400 டாலரைத் தாண்டிய, தகட்டின் மூலப்பொருளான பாலிசிலிக்கன், புதிய ஆலைகள் பெருகியதும் சில ஆண்டுகளில் 20 டாலருக்கும் கீழே இறங்கிற்று. மிகை உற்பத்தியால் 2013-இல் சன்டெக்கே திவாலாயிற்று. அமெரிக்காவும் ஐரோப்பாவும் வரி மதில்களை எழுப்பின. ஆயினும் சிலிக்கன் முதல் தகடு வரை ஒவ்வொரு படியிலும் உலக உற்பத்தியில் நூற்றுக்கு 80க்கு மேல் சீனத்தின் கையில் குவிந்தது.

இந்த அலைகள் ஒவ்வொன்றும் இங்கே வந்து மோதின. 2010-இல் தேசிய சூரிய மின்திட்டம் தொடங்கி, ஆரம்ப ஏலங்களில் யூனிட் பத்து ரூபாய்க்கு மேல் இருந்த விலை, 2017-இல் ராஜஸ்தானத்துப் பட்லாவில் 2 ரூபாய் 44 காசாகவும், 2020-இல் குஜராத் ஏலத்தில் 1 ரூபாய் 99 காசாகவும் தாழ்ந்தது. சுதேசித் தகடுகளையே வாங்கவேண்டும் என்று அரசு விதித்த நிபந்தனை, அமெரிக்காவின் வழக்கால் 2016-இல் உலக வர்த்தக ஸ்தாபனத்தில் தோற்றது. பிறகு வந்தது வரி: 2018 ஜூலையில் நூற்றுக்கு 25 பாதுகாப்புத் தீர்வை, 2022 ஏப்ரலில் தகட்டுக்கு 40, மின்கலத்துக்கு 25 சுங்கம். இதற்கிடையே 2020-இல் சிங்கியாங்கில் ஒரு சிலிக்கன் ஆலையில் நேர்ந்த வெடிவிபத்து, சீனத்து மின்பஞ்சம், கப்பல் கூலியின் ஏற்றம் ஆகியவை சேர்ந்து, சிலிக்கன் விலையை ஓரிரு ஆண்டுகளில் நான்கு மடங்குக்கும் மேல் உயர்த்தின. 2024-லோ சீனத் தகடு வாட்டுக்குப் பத்து சென்ட் அளவுக்கு வீழ்ந்தது.

இந்த ஏற்றத்தாழ்வு ஒரு தோட்டக்காரருக்கு எவ்வாறு அர்த்தமாகிறது? ஐந்து குதிரைத்திறன் மோட்டாரை வெயிலில் ஓட்ட ஏறக்குறைய 4,800 வாட் தகடுகள் வேண்டும். வாட்டுக்கு ஒரு ரூபாய் ஏறினால் அவர் கையிலிருந்து 4,800 ரூபாய் கூடுதலாகப் போகும். ஒரு மெகாவாட் அமைக்கும் நூற்பாலைக்கு அதே ஒரு ரூபாய் பத்து லட்சம். தகட்டைத் தாங்கும் இரும்புச் சட்டத்தைக் கோவைப் பட்டறையே அடித்துக் கொடுக்கிறது, பொருத்துபவரும் உள்ளூர்க்காரரே, ஆனால் விலையின் பெரும்பங்கைத் தீர்மானிக்கும் சிலிக்கனும், அதனை மெல்லிய வில்லைகளாக அறுக்கும் யந்திரமும், பூசும் வெள்ளியும் நம் பிடியில் இல்லை.

வரியே கூடாது என்பாரும், வரி ஒன்றே போதும் என்பாரும் நம்மிடையே உளர். இருவருக்கும் கொங்கு நாட்டின் சரித்திரம் பதில் வைத்திருக்கிறது. கிளுவை வேலி பயிரைக் காக்குமே அன்றி விளைவிக்காது; உழவு இல்லாத காட்டுக்கு வேலி வீண், வேலி இல்லாத இளம்பயிர் ஆட்டுக்கு இரை. வரியின் பாரத்தைத் தோட்டக்காரரும் தறிக்காரரும் சுமக்கிறார்கள் என்றால், அந்தச் சுமைக்கு ஈடாக ஒரு வித்தை இந்நாட்டில் வேரூன்ற வேண்டும்; வெளியிலிருந்து மின்கலம் வாங்கிக் கண்ணாடியில் ஒட்டித் தருவது மட்டும் அந்த வித்தையாகாது.

நம்பிக்கைக்கு இடமில்லாமல் இல்லை. 2024 ஜனவரியில் ஸ்ரீபெரும்புதூரை அடுத்து பர்ஸ்ட் சோலார் ஸ்தாபனத்தின் ஆலை திறக்கப்பட்டது. சிலிக்கனே வேண்டாத காட்மியம் டெல்லுரைடு தகடுகளை அது செய்கிறது. நெல்லையை அடுத்த கங்கைகொண்டானில் டாடா பவர் மின்கலமும் தகடும் ஒருங்கே உற்பத்தி செய்கிறது. ஆனால் இவ்வாலைகளுக்கு வேண்டிய யந்திரங்களைச் செய்வதே அடுத்த படி. தேசத்தின் தகட்டு ஆலைகள் பெரும்பாலும் சீன யந்திரங்களையே நம்பியிருக்கின்றன. யந்திரம் செய்வதில் கோவைக்கு நிகரான ஊர்கள் தேசத்தில் சிலவே. வில்லை அறுக்கும் யந்திரத்தையும் கலம் பூசும் யந்திரத்தையும் இங்குள்ள பொறியியற் கல்லூரிகளும் பட்டறைகளும் ஆலை முதலாளிகளும் ஒன்றுகூடி மேற்கொள்வதே, நாம் செலுத்திவரும் வரிக்கு நியாயமான பிரதிபலன். 1937-இல் ஒரு மோட்டாரைக் கொண்டு இவ்வூர் நிரூபித்ததை, இம்முறை அரசும் மூலதனமும் துணை நிற்க, மீண்டும் நிரூபிக்க இயலும். அதனைச் செய்யாதவரை, நம் வெயிலுக்கான விலையைப் பிறரே எழுதிக்கொண்டிருப்பார்கள்.