இரட்டை மேற்பரப்பு (கணினிப் பாவனையாக்கம்)

இரட்டை மேற்பரப்பு என்பது, கணினிப் பாவனையாக்கத்திற்கான வடிவவியல் மாதிரியில் இரு மேற்பரப்புகள் ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்திருக்கும் நிலையைக் குறிக்கும். ஒன்றையொன்று தொடும் இரு திண்மங்களைத் தனித்தனியே வரையும்போது அவற்றின் பொதுமுகம் இருமுறை பதிவாவதால் இது ஏற்படுகிறது. திரையில் ஒரே பரப்பாகத் தெரிவதால் கண்ணால் கண்டறிவது கடினம்.

எல்லை நிபந்தனைகளுடனான தொடர்பு

பாய்மம், வெப்பம் முதலியவற்றின் சமன்பாடுகளைத் தீர்க்க, மாதிரியின் வெளி எல்லையில் நிகழ்வது என்ன என்பதைக் கூறவேண்டும். இதுவே எல்லை நிபந்தனை எனப்படும். உள்ளே அமைந்த பொதுமுகத்திற்கு இது பொதுவாகத் தேவையில்லை. ஆனால் அம்முகம் இரட்டையாக இருப்பின், மென்பொருள் இரண்டையும் வெளி எல்லைகளாகக் கொள்ளும். பயனர் நிபந்தனை தராதவிடத்துப் பல மென்பொருள்கள் அவற்றைச் சுவராகவே கருதுகின்றன.

எடுத்துக்காட்டு

புதுச்சேரித் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் 1980களின் இறுதியில் கட்டப்பட்டன. ஆண்டின் பெரும்பகுதியில் வடக்கு நோக்கி நகரும் கடல்மணல் தெற்கே தேங்க, வடக்கே கரை அரிக்கப்பட்டது. விழுப்புரம் மாவட்டக் கடலோர ஊரான பொம்மையார்பாளையமும் கடலரிப்புக்கு உள்ளானது. இத்தகைய கரைகளில் தூண்டில் வளைவுகளை வடிவமைக்கப் பாவனையாக்கம் உதவுகிறது.

கற்குவியலாலான தூண்டில் வளைவின் இடுக்குகளில் நீர் புகுவதால் அலையாற்றலின் ஒரு பகுதி தணியும். மாதிரியில் கடல்நீரையும் கற்குவியலையும் தனித்தனித் திண்மங்களாக வரைந்து, பொதுமுகத்தை இணைக்காமல் விட்டால், கற்குவியல் நீர்புகாச் சுவராகிவிடும். அதில் மோதும் அலை தணியாமல் திரும்பும். நீரின் வரவுசெலவுக் கணக்கு சரியாகவே இருப்பதால் மென்பொருள் பிழையெதுவும் காட்டாமல் போகலாம். அம்முடிவை நம்பிக் கட்டினால், இழப்பு கரையோர மக்களுக்கே.

களையும் முறைகள்

* வலையமைப்பை உருவாக்குமுன் திண்மங்களை ஒருங்கே துண்டாக்கிப் பொதுமுகத்தை ஒன்றாக்குதல். ஜிமெஷ், சலோம் ஆகிய கட்டற்ற மென்பொருள்களில் இதற்கான வசதி உண்டு.
* ஒரே இடத்திலுள்ள புள்ளிகளை இணைத்தல். இதற்குரிய பொறுதி மிகச் சிறிதாயின் இரட்டைகள் எஞ்சும். மிகப் பெரிதாயின் உண்மையான இடைவெளிகளும் மூடப்படும்.
* சீரான நீரோட்டத்தைச் செலுத்தி, பொதுமுகத்தைக் கடக்கும் நீரின் அளவைப் பார்த்தல். அது சுழியமாயின் முகம் இணையவில்லை எனலாம்.

விதிவிலக்கு

எல்லா இரட்டை மேற்பரப்புகளும் பிழையல்ல. மெல்லிய தகட்டைத் தடிமனின்றி வரையும்போது, அதன் இருபுறத்திற்கும் வெவ்வேறு எல்லை நிபந்தனைகள் தருவதற்காக இரட்டை முகங்கள் வேண்டுமென்றே அமைக்கப்படுகின்றன.