நுரைக்கு ஒரு கணக்கு

உதய்பூரில் இருந்துகொண்டு சுரங்கக் கதை பேசாமல் இருக்க முடியுமா? பக்கத்திலேயே ஜாவர். ஈயமும் துத்தநாகமும் கிடைக்கிற இடம். பாறையைப் பொடியாக்கித் தண்ணீரில் கரைத்து, ரசாயனம் சேர்த்து, காற்றை விடுகிறார்கள். வேண்டிய தாது குமிழியில் ஒட்டிக்கொண்டு மேலே வரும். வெல்லப்பாகில் அழுக்குதான் நுரையாக வரும், வழித்துக் கொட்டுவோம். இங்கே தலைகீழ்! நுரைதான் சரக்கு.

இதற்கு முதல் விதை போட்டவர்களில் ஒருவர் அமெரிக்கப் பெண்மணி கேரி எவர்சன். எண்ணெயும் அமிலமும் சேர்த்தால் தாது பிரியும் என்று 1886ல் காப்புரிமை வாங்கினார். எண்ணெய்ப் பிசுக்குள்ள கோணிகளைத் துவைக்கும்போது தற்செயலாகக் கண்டுபிடித்த பள்ளி ஆசிரியை என்று ஒரு கதை ரொம்ப நாள் உலவியது. உண்மையில் அவர் ஒரு டாக்டரின் மனைவி, முறையாகச் சோதனை செய்தவர். வாங்க ஆளில்லை. 1903ல் காப்புரிமை காலாவதி.

அதே சமயம் ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில்லில் துத்தநாகக் கழிவு மலைமலையாகக் கிடந்தது. எங்கள் பாஷையில் சொன்னால், வாராக்கடன் என்று தள்ளுபடி செய்த பாக்கி! 1905ல் லண்டன் மினரல்ஸ் செப்பரேஷன் கம்பெனி, மிகக் கொஞ்சம் எண்ணெயும் நிறைய காற்றுக் குமிழியும் போதும் என்று காட்டியது. பாக்கி வசூலானது.

பிறகு வழக்குகள். எவர்சன் முன்பே சொன்னதுதானே என்று எதிர்த்தரப்பு வாதம். அவர் எண்ணெயை நம்பினார், இவர்கள் காற்றை நம்பினார்கள் என்று 1916ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கம்பெனி பக்கம் தீர்ப்பளித்தது. அதைக் கேட்க அவர் இல்லை, 1914லேயே இறந்துவிட்டார்.

1935ல் சிலி நாட்டு கார்சியா சூனிகா இதற்கு ஒரு சமன்பாடு தந்தார். தொட்டியில் மீதமிருக்கும் தாதுவில் ஒவ்வொரு நிமிடமும் அதே விகிதம் வெளியேறும். காமர்ஸ் படித்தவர்களுக்குப் புரியும், குறையும் இருப்பு முறைத் தேய்மானமேதான்!

ஆனால் அது தொட்டிக்குள் இருக்கும் குழம்புக்குக் கணக்கு. மேலே நிற்கும் நுரை அதற்கு அடங்கவில்லை. குமிழிகள் உடைகின்றன, ஒன்றோடொன்று சேர்கின்றன, தாது திரும்பக் கீழே விழுகிறது. குமிழிகளுக்கு இடையே ஏறும் தண்ணீர் வேண்டாத மண்ணையும் இழுத்து வருகிறது. கம்ப்யூட்டர் வந்தபின்தான் பிடி கிடைத்தது. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் சிலியர்ஸ் குழு, விட்ட காற்றில் எவ்வளவு உடையாமல் நுரையாக வழிகிறது என்று அளந்தது. காற்று குறைந்தாலும் நஷ்டம், கூடினாலும் நஷ்டம். நடுவே ஓர் உச்சம் இருக்கிறது, நல்ல விளைச்சலும் அதை ஒட்டித்தான்.

நுரைக்குக் கணக்கு எழுத நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. எவர்சன் பேரில் மட்டும் வரவு விழவே இல்லை. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் உலோகவியல் படித்தால், அந்தப் பெயரையும் சொல்லி வையுங்கள்.